குடியிருப்போர் இருவர்

மார்ச் 9, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கோதண்டம் வந்தார். நாங்கள் கை கழுவும் வரை காத்திருக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"சார், மெட்ரோ வேலை நடக்குது பாத்தீங்கல்ல? மடிப்பாக்கத்துல இப்ப ரெண்டு பெட்ரூம் இருபத்தஞ்சுக்குக் கொறஞ்சு கெடையாது. உங்களுக்காக இருபத்துநாலு. ஜூன்லேர்ந்து."

இப்போது கொடுப்பது பதினாறு. பதினொரு ஆண்டுகளாக இருக்கிறோம். குடிவந்த வாரம் குளியலறைத் தாழ்ப்பாளை மாற்றித் தருவதாகச் சொன்னார். இன்றுவரை ஒரு வாளித் தண்ணீரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத்தான் குளிக்கிறோம். அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் பொருளியல் நடத்தியவனுக்கு விலை ஏன் ஏறுகிறது என்று கோதண்டம் பாடம் எடுக்கிறார்.

"மே கடைசிக்குள் காலி செய்துவிடுகிறோம்" என்றேன்.

அவர் போன பிறகு அம்மா மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "இருபத்தொண்ணுக்கு வந்திருப்பான். நீ வாயைத் திறந்து கெடுத்துட்ட."

கெடுக்கவில்லை. மரியாதையைக் காப்பாற்றினேன்.

மார்ச் 16, ஞாயிறு

தரைத்தளம் வேண்டும், அம்மாவின் முழங்கால் படி ஏறாது. பேருந்து நிறுத்தம் பக்கத்தில் வேண்டும். பதினெட்டுக்குள் வேண்டும். என் பட்டியல் இவ்வளவுதான். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்று கீழ்க்கட்டளையில் ஒரு வீடு. அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். நல்ல வீடு, நல்ல மனிதர், காபிகூடக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"அம்மாவுக்கு வயசு?"

"எண்பத்தொன்று."

டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். மேல நாங்க இருக்கோம். பொண்ணுக்கு வரன் பாக்கறோம். நாளைக்கு நல்லது கெட்டது ஏதாவது ஆச்சுன்னா... நாள் சரியில்லாம போச்சுன்னா அடைப்பு. ஆறு மாசம் வீட்டை மூடிப் போடணும். யார் சார் தாங்கறது?"

அவிட்டம் தொடங்கி ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், அவர் இறந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைத்து வாசலில் தினமும் விளக்கேற்ற வேண்டுமாம். வேறு சில நட்சத்திரங்களுக்கு நான்கு மாதம், மூன்று மாதம், இரண்டு மாதம் என்று தள்ளுபடி உண்டு. படித்த மனிதர், வங்கியில் மேலாளராக இருந்தவர், விரல் விட்டு எண்ணிக் காட்டினார். அம்மா அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் வரும்போது அவளே பேச்சை எடுத்தாள். "பொறந்த நட்சத்திரத்தைக் கேட்டா சொல்லலாம். போற நட்சத்திரத்தை எந்த ஜோசியன்கிட்டடா கேக்கறது?"

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மூன்று வீடுகள். மூன்றிலும் அதே கேள்வி. மூன்றாமவர் நட்சத்திரம் எல்லாம் பேசவில்லை, "ஆம்புலன்ஸ் வந்து நிக்க இடமில்ல சார், சின்னத் தெரு" என்றார். நாகரிகமாகச் சொல்கிறாராம்.

புரோக்கர் தாமு தேநீர்க் கடையில் வைத்து எனக்குப் புத்தி சொன்னார். "அம்மாவக் கூட்டினு வராதீங்க சார். குடிபோனப்புறம் ஊர்லேர்ந்து வந்தாங்கன்னு சொல்லிக்கலாம். எல்லாரும் அப்டிதான் பண்றாங்க."

பெற்ற தாயை மறைத்து வைத்து வீடு பிடிக்கும் நிலை எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். தேநீருக்கும் நானே கொடுத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

தனியாகப் போனேன். மறைக்கவில்லை. அவர்கள் கேட்காததை நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கேட்டது வேறு. "ஃபேமிலி எங்க சார்?"

"நான் மட்டும்தான்."

வீட்டுக்கார அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேச்சிலரா? இந்த வயசுலயா?" என்று உள்ளே திரும்பிக் கணவரிடம் கேட்டாள். உள்ளேயிருந்து பதில் வந்தது: "பேச்சிலருக்கு விடறதில்லன்னு சொல்லு."

ஐம்பத்து நான்கு வயதில் நான் பேச்சிலர். ஃபேமிலி பற்றி எழுத ஒன்றுமில்லை. அது 2009-இல் முடிந்த விஷயம்.

வீட்டில் சொன்னபோது அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "நான் இருந்தாலும் வீடு இல்ல. நான் இல்லாட்டியும் வீடு இல்ல. அப்ப வில்லங்கம் நான் இல்லடா, தணிகை."

ஏப்ரல் 1, செவ்வாய்

அம்மாவின் பென்ஷன் வந்தது. வாடகை போட்டாயிற்று.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியல் கைடுக்குப் பிழை திருத்தினேன். 'தேவை விதி' என்பதைத் 'தேவை விதை' என்று அச்சடித்திருக்கிறார்கள். என் பெயர் அட்டையில் வராது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள், அதையும் மூன்று மாதம் கழித்து.

பத்து மணிக்கு ஹைதராபாத்திலிருந்து குகன் கூப்பிட்டான். என்னைவிட ஆறு வயது சிறியவன், என்னைவிட ஆறு மடங்கு நிதானமாகப் பேசுவான். கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர்களுக்கென்று ஒரு குடியிருப்பாம். டாக்டர், நர்ஸ், மூன்று வேளைச் சாப்பாடு, நடைபாதை எங்கும் கைப்பிடி.

"டெபாசிட் நான் கட்டிடறேன்ணா. மாசச் செலவுக்கு அம்மா பென்ஷன் ஏறக்குறையப் போதும். மிச்சத்த நான் போட்டுக்கறேன்."

"அம்மாவை ஹோமில் தள்ளச் சொல்கிறாயா?"

"ஹோம் இல்லண்ணா. நீயே போய்ப் பாரு. இன்னொண்ணு, கோச்சுக்காத. அங்க அம்பத்தஞ்சு வயசுலேர்ந்து எடுத்துக்கறாங்க. உனக்கும் ஜூலைல அம்பத்தஞ்சு. ரெண்டு பேருக்குமா ஒரு வீடு எடுத்துடலாம்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னை முதியோர் வரிசையில் உட்கார வைக்கிறான், சொந்தத் தம்பி. "நம் ஆதம்பாக்கத்து வீட்டை விற்றுத் தின்றுவிட்டு இப்போது வாடகைக்கு ஹோம் காட்டுகிறாயா?" என்று கத்தினேன்.

பிறகு அவன் ஏதோ சொன்னான். அதை இங்கே எழுதத் தேவையில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா அடுத்த அறையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். முழங்கால்தான் போயிற்று, காது அப்படியே இருக்கிறது.

"கேட்டுதா?" என்றேன்.

"ரெண்டு பக்கமும் கேட்டுது. நாங்க லைன் போட்டுக் குடுப்போம். நடுவுல பேசற பழக்கமில்ல."

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடி, பாயசம். குகன் அனுப்பிய வீடியோவை அம்மா மூன்று முறை பார்த்தாள். ஒரே நிறத்தில் பனியன் போட்ட நான்கு கிழவர்கள் கேரம் ஆடுகிறார்கள். ஒரு கிழவி கேமராவைப் பார்த்துக் கையசைக்கிறாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அம்மா.

நான் பாயசம் இரண்டாவது முறை வாங்கிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஒன்பதாவது வீடு, உள்ளகரம். இந்த முறை பதிலைத் தயார் செய்துகொண்டு போனேன். "அம்மா ஹைதராபாத்தில் தம்பியோடு இருக்கிறார். எப்போதாவது வருவார். அதனால்தான் இரண்டு அறை." குடும்பமும் ஆயிற்று, கிழவியும் இல்லை. சொல்லும்போது வாய் குழறவில்லை. வீட்டுக்காரருக்குத் திருப்தி. பதினேழு என்று பேசி முடித்தோம்.

ஏப்ரல் 28, திங்கள்

வேறொருவர் இரண்டாயிரம் அதிகம் சொல்லிவிட்டாராம். பதினேழு பேசியவர் போனில்கூட வரவில்லை, தாமுவை விட்டுச் சொல்லச் சொன்னார். அவர் பெயரை நினைவில் வைத்திருப்பேன்.

மே 4, ஞாயிறு

வீடு கிடைக்கிறதோ இல்லையோ, மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டோம். பரணிலிருந்து ஒரு கட்டு இறங்கியது. 'தணிகை டியூட்டோரியல்ஸ், ஆதம்பாக்கம்' என்று தலைப்பு அச்சிட்ட தாள்கள். இரண்டாயிரம் அடித்தேன், ஆறு மாதம்தான் நடத்தினேன். பதினாறு வருடமாக அம்மா அதன் பின்பக்கத்தில்தான் மளிகைச் சீட்டு எழுதுகிறாள். இன்னும் நானூறு தாள் இருக்கும்.

"எடைக்குப் போட்டுவிடு" என்றேன்.

"ஏன்? பின்பக்கம் வெள்ளையாத்தானே இருக்கு."

அதே கட்டில் பழுப்பு உறை ஒன்றும் இருந்தது. ஆதம்பாக்கத்து வீட்டின் விற்பனைப் பத்திர நகல். அதைப் பிரிக்காமலே என் பெட்டியில் வைத்துவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 11, ஞாயிறு

பன்னிரண்டு, பதின்மூன்று. இரண்டுமே மாடி.

திரும்பி வந்து அம்மாவின் கண் மருந்தைத் தேடியபோது கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்தது. நான்கு புடவை, பென்ஷன் புத்தகம், அப்பாவின் படம். அதற்கு அடியில் அந்தக் கோயம்புத்தூர்க் குடியிருப்பின் விண்ணப்பம், குகன் கூரியரில் அனுப்பியது. அவளுடைய உருண்டையான கையெழுத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறது. 'உடன் வசிப்பவர்' என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறாள். கையெழுத்து மட்டும் பாக்கி.

"இது என்ன?"

"மே முப்பத்தொண்ணு வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல உன்னை வெயில்ல அலைய விட மாட்டேன். நீ ஒத்த ஆளு, எங்கயாவது ரூம் எடுத்துக்கலாம்."

"நான் உன்னை அனுப்புவதாக எப்போது சொன்னேன்?"

"நீ சொல்லலடா. நான்தான் சொல்றேன்."

விண்ணப்பத்தைக் கைடு புரூஃப்களுக்கு நடுவில் செருகி வைத்துவிட்டேன். இருபது நாள் இருக்கிறது. இதற்கு முன் ஒரு தெருவை விட்டிருந்தால் இனி விடப்போவதில்லை. நாளை முதல் தாமு வேண்டாம். புழுதிவாக்கத்தில் தொடங்கித் தெருத் தெருவாக நானே நடந்து கேட்கப் போகிறேன்.

மே 14, புதன்

இரண்டு நாளில் முப்பத்தொரு தெரு. செருப்பு வார் அறுந்தது. தைத்தாயிற்று.

மே 18, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

புழுதிவாக்கத்தில் பழைய வீடு, மாமரம், தரைத்தளம் காலி என்று இஸ்திரி வண்டிக்காரர் சொல்லியிருந்தார். அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழி அது. ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொன்னேன். "பத்து நிமிஷம், இங்கேயே இரு" என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கார அம்மாள் பெயர் எழிலரசி. அறுபதைத் தாண்டியவர், மாடியில் தனியாக இருக்கிறார், அவருக்கும் முழங்கால் வலி. படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து இறங்கி வந்தார். கூடம், சமையலறை, ஒரு படுக்கையறை. இன்னொரு அறைக்கு வெளியே பெரிய பூட்டு. கதவு முன்னால் ஒரு அகல், எண்ணெய் காய்ந்து கிடந்தது.

"மறைக்க ஒண்ணுமில்ல சார். எங்க மாமனார். சித்திரையில சதயத்துல போயிட்டார். ஐப்பசி வரைக்கும் அந்த ரூம் தொறக்கக் கூடாது. நாலு பேர் வந்து பாத்தாங்க. பூட்டப் பாத்ததும் செருப்ப மாட்டிக்கிட்டு ஓடிட்டாங்க. அதான் பதினாலுன்னு சொல்றேன்."

எனக்கு அந்தப் பூட்டைப் பார்த்ததும் கையைத் தட்ட வேண்டும் போலிருந்தது. இரண்டு மாதமாக எல்லோரும் எதற்கு அஞ்சி என்னைத் துரத்தினார்களோ, அது இங்கே ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. இனி இவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

"வீட்ல யார் யார் சார்?" என்று கேட்டார். "பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

அப்போதாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நாக்கு பழகிவிட்டது. "இல்லைம்மா. பெரியவர்கள் யாரும் இல்லை. அம்மா ஹைதராபாத்தில் இருக்கிறார்."

அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியா? பெரியவங்க யாராச்சும் இருந்தா நல்லாருக்கும்னு பாத்தேன். சாயங்காலம் ஆனா இந்த வெளக்க ஏத்தணும். என்னால தெனமும் எறங்க முடியல, மூணு நாளா ஏத்தவே இல்ல. வீட்டோட இருக்கற ஒரு அம்மா இருந்தா... நீங்க தனி ஆளுன்னா சரிப்படாது சார். மன்னிச்சிக்கோங்க."

பதினான்காயிரம். தரைத்தளம். பேருந்து நிறுத்தம் நான்கு நிமிடம். அதை என் வாயாலேயே தொலைத்துவிட்டு நின்றேன். இப்போது 'அம்மா இருக்கிறாள்' என்று சொன்னால் என்னை என்னவென்று நினைப்பார்? ஆட்டோவில் ஒளித்து வைத்திருக்கிறேன் என்றா சொல்வது?

கேட் சத்தம் கேட்டது. அம்மா. ஒரு கையில் தடி, இன்னொரு கை ஆட்டோக்காரர் தோளில். அந்த வெயிலில், தோண்டிப் போட்டிருக்கும் அந்தத் தெருவில், முனையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். புடவை ஓரமெல்லாம் மண்.

"யாருங்க?" என்றார் எழிலரசி.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஹைதராபாத்லேர்ந்து வரேன்மா. வண்டி கொஞ்சம் லேட்டு."

ஆட்டோக்காரர் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எழிலரசிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. என்னைப் பார்த்தார். நான் பூட்டைப் பார்த்தேன்.

"ஏன் சார், பெத்த அம்மாவயா இல்லன்னீங்க?"

"அவனத் திட்டாதம்மா" என்றாள் அம்மா. "பதிமூணு வீட்ல என்னைச் சொல்லிச் சொல்லித்தான் வீடு போச்சு. எனக்கு எண்பத்தொண்ணு. முட்டி மடங்காது. ராத்திரி இருமுவேன். என்னைக்குப் போவேன்னு எனக்கே தெரியாது, எந்த நட்சத்திரம்னும் உத்தரவாதம் குடுக்க முடியாது. இதெல்லாம் சரின்னா பேசலாம்."

எழிலரசி நாற்காலியை இழுத்துப் போட்டார். "முதல்ல உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. இருக்கறது ஒரு ரூம்தான், நீங்க அதுல படுத்துக்குங்க. சார் கூடத்துல படுக்கட்டும்."

மே 19, திங்கள்

"நீ ஹைதராபாத்தில் இருப்பதாக நான் சொன்னது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மூணு வாரமா போன்ல தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டிருக்க. எனக்கென்ன காதா அடைச்சிருக்கு?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ விளக்கம் சொல்லுவ."

முட்டி வீங்கியிருக்கிறது. கொள்ளு வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன்.

மே 25, ஞாயிறு

குகனைக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டது மூன்று வருடத்தில் இதுதான் முதல் முறை. வீடு கிடைத்ததைச் சொன்னேன். விண்ணப்பம் வேண்டாம் என்றேன்.

"சரிண்ணா. அம்மாவுக்கு ஓகேன்னா எனக்கும் ஓகே."

வைத்துவிட்டிருக்கலாம். வைக்கவில்லை. ஆதம்பாக்கத்து வீட்டை விற்றது அவன் இல்லை, நான்தான் என்று சொன்னேன். பணம் என் டியூட்டோரியலுக்கு வாங்கிய கடனுக்கும், என் ஜீவனாம்ச வழக்குக்கும் போயிற்று. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தன் பங்கைக் கேட்கவே இல்லை.

"தெரியும்ணா" என்றான்.

"உனக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நான் சொல்ல வேண்டியிருந்தது."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜலதோஷமாக இருக்கலாம். அடுத்த அறையில் அம்மா நடுவில் பேசாமல் இருந்தாள்.

எப்படி இருந்தாலும் 2011 பொங்கலுக்கு அவன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தது தப்புதான். அதை நான் விடுவதாக இல்லை.

மே 28, புதன்

வாடகை ஒப்பந்தம். தட்டச்சுக் கடைக்காரர் பழைய படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டிருந்தார். 'குடியிருப்போர்: ஒருவர்' என்று வந்திருந்தது. மாற்றச் சொன்னேன்.

"அட்வான்ஸ் குடுக்கறவர் பேர் இருந்தா போதும் சார்."

"மாற்றுங்கள். இருவர். முதல் பெயர் சுலோசனா, வயது எண்பத்தொன்று, ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். இரண்டாவது பெயர் தணிகைவேல், மேற்படியாரின் மகன்."

"வயச எண்ணுல போடவா சார், எழுத்துலயா?"

"இரண்டிலும் போடுங்கள்."

ஐப்பசியில் அந்த அறை திறந்த பிறகு வாடகை பதினெட்டு என்று எழிலரசி ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார். நியாயம்தான். அதற்குள் மாலை வகுப்புக்கு நான்கு பிள்ளைகளைப் பிடித்துவிடுவேன். அந்த நான்காயிரம் அம்மாவின் பென்ஷனிலிருந்து போகாது. பெயர்ப்பலகை எல்லாம் வேண்டாம்.

மே 30, வெள்ளி

பால் காய்ச்சினோம். கோதண்டத்திடம் சாவியைக் கொடுக்கும்போது அந்த வாளியையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டியிருக்கும்.

ஆறரைக்கு விளக்கு. அம்மாவால் குனிய முடியவில்லை. இந்த நட்சத்திரக் கணக்கில் எனக்கு இன்றும் நம்பிக்கையில்லை. பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்து எண்ணெய் விட்டேன். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று.

"திரியத் தூண்டி விடுடா. அவருக்கு அவசரமில்ல, பொறுமையா ஏத்து" என்று நாற்காலியிலிருந்து அம்மா சொன்னாள். மாடிப்படியில் நின்றிருந்த எழிலரசி சிரித்தார்.

பிறகு அம்மா புது வீட்டுக்கு மளிகைச் சீட்டு எழுதத் தாள் கேட்டாள். டியூட்டோரியல் தாள்கள் எந்த மூட்டையில் இருக்கின்றன என்று தெரியவில்லை. கைடு புரூஃப்களுக்கு நடுவில் இருந்த விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது.

நல்லெண்ணெய், திரிநூல், துவரம்பருப்பு என்று எழுதிக்கொண்டே போனவள், குளியலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒன்று சேர்த்தாள்: தாழ்ப்பாள், பெரியது, ஒன்று.

நாளை காலை நானே அதன் திருகாணிகளை முடுக்கிவிடுவேன்.